ரூபி லேக்கின் சொந்தப் பெயர்

நெவில் ஹார்க்ரீவ்ஸுக்கு அறுபத்து மூன்று வயது. நியாயமாகப் பார்த்தால் 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். ஆனால் வட இங்கிலாந்தின் அக்ரிங்டனில் அவனைத் தெரிந்த யாருக்கும் அப்படிச் சொல்ல வாய் வராது. வேலை பார்த்த தபால் நிலையத்தில் கடைசி நாள் வரைக்கும் அவன் 'நம்ம நெவ்'தான். வார நாட்களில் தபால் பை, சனி ஞாயிறுகளில் டீஜே வேலைக்கு இசைத்தட்டுப் பெட்டி என்று முப்பத்தைந்து வருடம் தோளில் ஏதாவது ஒன்றைச் சுமந்தே பழகியவன், அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரிட்லிங்டன் ஆட்டத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் பெட்டியை வாசல் சுவர் மேல் வைத்துவிட்டு வண்டி ஏறிவிட்டான்.

லீட்ஸ் தாண்டித்தான் நினைவு வந்தது. வேனை ஓட்டிக்கொண்டிருந்தது மனைவி லோர்னா. நெவிலுக்கு ஓட்ட வராது. மூன்று முறை தேர்வுக்குப் போய், மூன்றாவது முறை தேர்வு நடத்தியவர் இனிமேல் வராதே என்று கையெடுத்துக் கும்பிட்டதாக லோர்னா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். பின்னால் பெட்டி இருக்கிறதா என்று அவன் கேட்ட குரலிலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அடுத்த விலகு சாலையில் வண்டியைத் திருப்பினாள். ஊர் போய்ச் சேருகிற ஒரு மணி நேரமும் ரேடியோவில் வானிலை அறிக்கை கேட்டுக்கொண்டே ஓட்டினாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது நெவிலுக்கு.

பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. பக்கத்து வீட்டுப் பூனை அதன் மேல் சுருண்டு படுத்திருந்தது. உள்ளே இருநூறு தட்டுகள். எல்லாம் அமெரிக்காவில் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அச்சான, கறுப்பினப் பாடகர்களின் சோல் பாட்டுகள், எல்லாம் அசல். மறுபதிப்பை, பழைய சோல் தட்டுகளுக்கு ஆடுகிற இந்தக் கூட்டத்தில் யாரும் மேடையில் வைக்க மாட்டார்கள். வைத்தவனோடு அப்புறம் யாரும் டீ குடிக்கவும் மாட்டார்கள். ஆனால் இருநூறில் ஒன்றுக்காகத்தான் நெவிலின் நெஞ்சு அவ்வளவு நேரம் அடித்துக்கொண்டது. மற்ற நூற்றுத் தொண்ணூற்றொன்பதைப் பூனையே தூக்கிக்கொண்டு போயிருந்தாலும் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பான்.

அந்த ஒரு தட்டின் நடுவில், லேபிளை மறைத்து, வட்டமாக வெட்டிய வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கும். தாளில் பேனாவால் 'ரூபி லேக்' என்று எழுதியிருக்கும்.

ரூபி லேக் என்று ஒரு பாடகி உலகத்தில் கிடையாது. 1991-ல் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து மொத்தமாக வந்த ஒரு பெட்டித் தட்டுகளுக்கு அடியில் அது கிடைத்தது. கேட்ட முதல் நிமிடத்திலேயே, இது வேறு யாரிடமும் இல்லை என்று நெவிலுக்குத் தெரிந்துவிட்டது. அப்படி ஒன்று சிக்கினால் டீஜே செய்வது ஒன்றுதான். லேபிளை மறைத்து, பாடியவருக்கு ஒரு பொய்ப் பெயர் சூட்டி, அதையே மைக்கிலும் சொல்லுவான். நிஜப் பெயர் தெரிந்தால் மற்ற டீஜேக்கள் அமெரிக்கா முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்து இன்னொரு பிரதியைப் பிடித்துவிடுவார்களே. இதில் யாருக்கும் வெட்கமில்லை, எல்லாரும் செய்வதுதான். பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் குட்டு உடைந்துவிடும். நெவிலின் குட்டு முப்பத்திரண்டு வருடமாக உடையவில்லை.

அதனால் அவனுக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. சுவரொட்டியில் அவன் பெயருக்குக் கீழே 'ரூபி லேக்கும் வருகிறாள்' என்று போடுவார்கள். யார்க்‌ஷயர்க்காரன் க்ளிஃப் பாட்டம்லி அவளைத் தேடி அமெரிக்கத் தொலைபேசிப் புத்தகங்களை எல்லாம் புரட்டி, கடைசியில் அரிசோனாவில் ஒரு ரூபி லேக்கைப் பிடித்தேவிட்டான். அந்த அம்மா பல் டாக்டர். இருந்தாலும் க்ளிஃபைக் குறைவாக எடைபோடக் கூடாது. மறந்துபோன பாடகர்கள் பதினேழு பேரைத் தேடிக் கண்டுபிடித்து இங்கே அழைத்துவந்து மேடை ஏற்றியவன் அவன். பாட்டை விட்டுவிட்டு பஸ் ஓட்டியவர்கள், பள்ளிக்கூடத்தில் தரை துடைத்தவர்கள், தங்கள் பாட்டுக்கு ஐநூறு பேர் ஆடுவதைப் பார்த்து மேடையிலேயே விக்கி அழுதிருக்கிறார்கள்.

அந்த வாரம் க்ளிஃப் அழைத்துவந்திருந்தது பதினேழாவது ஆளான வெர்னெல் டப்ஸ். ஃபிலடெல்ஃபியாக்காரர், எழுபது வயது, எழுபதுகளில் மூன்று பெண்கள் குழு ஒன்றில் பாடி ஒரே ஒரு தட்டு போட்டவர். சனிக்கிழமை பகல் பிரிட்லிங்டன் கடற்கரை மண்டபத்தில் பாடினார். நல்ல கைதட்டல். பாடி முடித்து ஓரத்து மேசையில் டீயோடு உட்கார்ந்தார்.

நான்கு மணிக்கு நெவிலின் முறை. தரையில் வழுக்கலுக்காகத் தூவிய முகப்பவுடர் வெயிலில் புகைந்துகொண்டிருந்தது. கடைசிக்கு முந்தின தட்டாக ரூபி லேக்கை வைத்தான். முதல் தாளம் விழுந்ததுமே சுவரோரம் நின்றவர்கள்கூட உள்ளே வந்துவிட்டார்கள். மழை விடட்டும், அப்புறம் போகலாம் என்று ஒரு பெண் காதலனிடம் கெஞ்சுகிற பாட்டு. கெஞ்சல்தான், ஆனால் அந்தக் குரலில் அழுகை இருக்காது. போனால் போ என்கிற ஒரு திமிர் இருக்கும். அதற்காகத்தான் அத்தனை பேரும் ஆடுவார்கள்.

வெர்னெல் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்தார். ஆடுகிறவர்கள் நடுவே புகுந்து நேராக மேடைக்கு வந்தார். ஆட்டத்துக்குக் குறுக்கே யாரும் நடப்பதில்லை. அவருக்கு அது தெரியவில்லை, தெரிந்திருந்தாலும் அன்றைக்கு நின்றிருக்க மாட்டார்.

"இது யாரு பாடுறது?" என்று கேட்டார்.

"ரூபி லேக்" என்றான் நெவில்.

"எங்க அக்கா குரல் மாதிரியே இருக்கு. எங்க லவி குரல்."

தாளுக்கு அடியில் இருக்கும் பெயர் லவீனியா பிக்ஸ்லி. வெர்னெலின் டப்ஸ் என்பது புருஷன் வீட்டுப் பெயராக இருக்கும் என்று அவனுக்கு அந்த நிமிடம் வரைக்கும் தோன்றவே இல்லை. இரண்டடி தள்ளி, அடுத்த முறைக்காக, காதில் ஹெட்போனோடு க்ளிஃப் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றான். ஹெட்போனைக் கழற்றினால் போதும், எல்லாம் கேட்டுவிடும்.

"இல்லைம்மா, இது ரூபி லேக். சிகாகோப் பொண்ணு" என்றான் நெவில். சிகாகோ எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியாது. பாட்டு முடிந்ததும் தட்டை எடுத்து உறையில் செருகிப் பெட்டிக்குள் தள்ளிவிட்டான். அதற்குள் வெர்னெல் அந்த வெள்ளைத் தாளைப் பார்த்துவிட்டார், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார், வந்த வழியே திரும்பிப் போனார். இந்தத் தடவை ஆடுகிறவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

சாயங்காலம் துறைமுகச் சுவரில் உட்கார்ந்து மீனும் சிப்ஸும் தின்னும்போது லோர்னா அந்தப் பேச்சை எடுத்தாள். தரையில் ஆடிக்கொண்டிருந்தவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். வெர்னெல் கேட்டதையும் தான் சொன்ன பதிலையும் நெவில் ஒளிக்காமல் சொன்னான். சொல்லும்போதே, க்ளிஃப் பக்கத்தில் இருந்தான், என்ன செய்வது, முப்பத்திரண்டு வருஷப் பழக்கம், வாயில் தானாக வந்துவிட்டது என்று சமாதானமும் சொன்னான்.

"பழக்கமாம் பழக்கம்" என்றாள் லோர்னா. "அந்தத் தாளை வெட்டினவ நான். என் கத்திரிக்கோல்ல, டீக் கோப்பையை வெச்சு வட்டம் போட்டு வெட்டினேன். மத்த டீஜேக்களை ஏமாத்தத்தான் வெட்டினேன் நெவ். கூடப் பிறந்தவளை ஏமாத்த இல்லை."

காலையில் சொல்லிவிடுகிறேன் என்றான். அவள் மிச்ச சிப்ஸைக் கடற்புறாக்களுக்கு வீசிவிட்டு எழுந்து போனாள். நெவிலுக்கு இன்னும் பசி இருந்தது.

எல்லாரும் தங்கியிருந்தது ஒரே விடுதி. ஞாயிறு காலை முட்டையும் பன்றிக்கறியும் வந்தபோது வெர்னெல் தானாகவே இவர்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். நெவிலிடம் இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டார். அக்கா போய்ப் பத்து மாதம் ஆகிறதாம். அன்றிலிருந்து இப்படித்தானாம், பஸ்ஸில், கடையில், எங்கேயாவது அக்கா குரல் கேட்கிறதாம். மகள் டாக்டரைப் பார்க்கச் சொல்கிறாள், ஊர் போனதும் பார்க்கப் போகிறேன் என்றார்.

"மத்ததெல்லாம் சந்தேகம்தான். நேத்து மட்டும் சத்தியமா அவதான்னு நினைச்சேன். அதான் பயமா இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார்.

நெவில் வாயைத் திறந்தான். அடுத்த மேசையிலிருந்து க்ளிஃப் கெட்சப் கேட்டான். நெவில் கெட்சப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது. மேசைக்கு அடியில் லோர்னா அவன் காலை மிதித்தாள், செல்லமாக இல்லை.

அன்றைய ஆட்டம் டாட்மர்டனில், தொழிலாளர் மன்றத்தில், பகல் ஒரு மணிக்கு. வெர்னெலை அழைத்துப் போக வேண்டிய கார் கிளம்ப மறுத்துவிட்டது. க்ளிஃபின் காரில் ஒலிபெருக்கிகள். வேறு வழியில்லாமல் அவர் ஹார்க்ரீவ்ஸ் வேனில் ஏறினார். முன்னால் மூன்று பேர் உட்காரலாம். லோர்னா ஓட்ட, வெர்னெல் நடுவில், நெவில் கதவோரம். மழை பிடித்துக்கொண்டது. வேனின் பின்பக்கம் ஒழுகும் என்பதால் தட்டுப் பெட்டியை முன்னால்தான் வைக்க வேண்டும். நெவில் மடியில் வைத்தால் கதவு சாத்தாது. கொடுங்கள் என்று வெர்னெல் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அக்காளின் குரலைத் தங்கை மடியில் சுமந்துகொண்டு வந்தார், எண்பது மைல். நெவில் ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டே வந்தான். ஹடர்ஸ்ஃபீல்ட் தாண்டி மேட்டு நிலத்தில் ஏறும்போது வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. வேலி உடைந்து ஒரு மந்தை ஆடு நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டதாம். போலீஸ்காரர் இருவர் ஆட்டின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். லோர்னா இன்ஜினை அணைத்தாள். கண்ணாடித் துடைப்பானும் நின்றது.

"அது உங்க அக்காதான்" என்றான் நெவில்.

வெர்னெல் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"உங்க காதுல ஒண்ணும் கோளாறு இல்லைம்மா. அது லவீனியா பிக்ஸ்லி. ரூபி லேக்ங்கிறது நான் வெச்ச பேரு. பழக்கத்துல சொல்லிட்டேன்னு இவகிட்ட சொன்னேன். பழக்கம் இல்லை, ஆசை. அது எங்கிட்ட மட்டும் இருக்கணும்னு ஆசை. நேத்து நீங்க வந்து நின்னப்பவும் அந்த ஆசைதான் பேசுச்சு."

சொன்னதும் மனம் லேசாகிவிடும் என்று எதிர்பார்த்திருந்தான். ஆகவில்லை. வெர்னெல் பெட்டியின் கொக்கியைத் திறந்தார். எது என்று கேட்டார். நெவில் கையை விட்டு, பார்க்காமலே எடுத்துக் கொடுத்தான். அவர் வெள்ளைத் தாளை விரலால் தடவிப் பார்த்தார். பிய்த்துவிடுங்கள் என்றான்.

"நான் எதுக்குப் பிய்க்கணும்? ஒட்டினது யாரு?"

"வெட்டினது நான், ஒட்டினது இவன்" என்றாள் லோர்னா. "பிய்டா."

பழைய பசை. ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, எச்சில் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. ஆடுகள் எல்லாம் வேலிக்குள் போய், முன்னால் வண்டிகள் நகரத் தொடங்கிய பிறகும் அவன் உரித்துக்கொண்டிருந்தான். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். லோர்னா நகரவில்லை. கடைசியில் மஞ்சள் லேபிளும், கறுப்பு எழுத்தில் லவீனியா பிக்ஸ்லி என்கிற பெயரும் வெளியே வந்தன.

வெர்னெல் அதைப் படித்தார். ஒரு முறை அல்ல, பல முறை. வண்டி நகர்ந்த பிறகுதான் பேசினார். அக்கா அதைப் பாடியபோது இருபத்திரண்டு வயது. தயாரித்தவன் ஒரு மாதம் கழித்து வந்து, சரியாக வரவில்லை, தட்டு போடவில்லை, எல்லாவற்றையும் அழித்துவிட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனானாம். அதன் பிறகு லவி ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தார். சர்ச்சில்கூட வாயைத் திறந்து பாடியதில்லை. எங்கள் அக்கா பாடகி என்று வெர்னெல் பெருமையாகச் சொன்னால், எனக்குப் பாட வராது, வந்திருந்தால் போட்டிருப்பார்களே என்பாராம். சாகும் வரைக்கும் அதையே சொன்னாராம்.

நெவில் அழுதான். யாரும் அவனைத் தேற்றவில்லை. தேற்றும்படியாக அவன் ஒன்றும் செய்துவிடவும் இல்லை.

டாட்மர்டன் மன்றத்து வாசலில் இறங்கும்போது வெர்னெல் பெட்டியை அவன் கையில் கொடுத்தார். "எங்கிட்ட சொன்னது போதாது" என்றார். "நேத்து அத்தனை பேர் முன்னாடிதானே வேற பேரு சொன்னீங்க."

மூன்று மணிக்கு நெவில் மேடை ஏறினான். வழக்கமாக ரூபி லேக்கைக் கடைசிக்கு முன்னால் வைப்பான். ஜனங்களைக் கொஞ்சம் ஏங்கவிடுவான். அன்று முதல் தட்டாகவே எடுத்தான். மைக்கைப் பிடித்தான். அவன் அதிகம் பேசுகிற டீஜே இல்லை. தட்டின் பெயர், பாடியவர் பெயர், அதோடு சரி.

"முப்பத்திரண்டு வருஷமா உங்ககிட்ட ரூபி லேக்னு சொல்லிட்டு இருந்தேன். அப்படி யாரும் இல்லை. இதைப் பாடினவங்க பேரு லவீனியா பிக்ஸ்லி. ஃபிலடெல்ஃபியா. போன வருஷம் இறந்துட்டாங்க. இந்தத் தட்டு வெளிவந்ததே அவங்களுக்குத் தெரியாது. தெரியாமப் போனதுக்குக் காரணம் நான்."

சாதாரணமாக இப்படி ஒரு பெயர் வெளியானால் மண்டபம் அமளிதுமளிப்படும். பாதிப் பேர் அங்கேயே பெயரைக் குறித்துக்கொள்வார்கள். அன்று யாரும் பேனாவை எடுக்கவில்லை. ஊசி இறங்கியது. பாட்டு தொடங்கியும் யாரும் ஆடவில்லை; பவுடர் தூவிய தரை காலியாகக் கிடந்தது. முதல் சரணம் முடிவதற்குள் லோர்னா இறங்கினாள். அப்புறம் பின்வரிசைக் கிழவர் இருவர். அப்புறம் எல்லாரும்.

வெர்னெல் மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆடுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நரைத்தவர்கள், வழுக்கைகள், கணுக்கால் வரை சுழலும் பாவாடைகள். எல்லாருக்கும் பாட்டின் ஒவ்வொரு வார்த்தையும் மனப்பாடம்.

பாட்டு முடியும்போது க்ளிஃப் மேடைப் பக்கம் வந்தான். அவன் கத்துவான், நக்கலடிப்பான், அரிசோனாப் பல் டாக்டரைச் சொல்லிக் காட்டுவான் என்று நெவில் எல்லாவற்றுக்கும் தயாராக நின்றான். க்ளிஃப் லேபிளைக் குனிந்து படித்தான்.

"பிக்ஸ்லி" என்றான். "அரிதான பேரு. ஒரு வாரத்துல கண்டுபிடிச்சிருப்பேன் நெவ். தொண்ணூத்தொண்ணுலயே. போன் பண்ணியிருப்பேன்."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நெவில் பதில் சொல்லியிருப்பான். இருபத்திரண்டு வயதில் பாட்டை விட்டவர் நாற்பத்தைந்து வயதில் இந்த மேடையில் நின்றிருக்கலாம். ஐம்பதில், அறுபதில் நின்றிருக்கலாம். தன் பெட்டியைத் தானே எத்தனை வருடம் இறுக்கிப் பூட்டி வைத்திருந்தோம் என்று நெவில் அப்போதுதான் முழுதாக உணர்ந்தான்.

அடுத்த தட்டை எடுக்கக் குனிந்தபோது வெர்னெல் எழுந்து வந்தார்.

"இன்னொரு தடவை வைங்க."

ஒரே தட்டை அடுத்தடுத்து இரண்டு முறை எந்த டீஜேயும் வைப்பதில்லை. அப்படி ஒருவன் வைத்ததாக நெவில் கேள்விப்பட்டதுகூட இல்லை. அவன் க்ளிஃபைப் பார்த்தான். க்ளிஃப் மைக்கை எடுத்து வெர்னெலிடம் நீட்டினான்.

நெவில் ஊசியை மறுபடி ஓரத்துக்குக் கொண்டுபோனான். தரையில் யாரும் முணுமுணுக்கவில்லை. பாட்டு தொடங்கியதும் வெர்னெல் பாடினார். அக்கா பாடியதை அல்ல. அதற்குக் கீழே, அந்தத் தட்டில் இல்லாத இரண்டாவது குரலை. அறைக்குள் அக்கா பயிற்சி செய்தபோது பக்கத்தில் நின்று பாடிய பதினாலு வயதுத் தங்கையின் குரலாகத்தான் அது இருக்க வேண்டும். வேறெங்கும் அதை யாரும் அவருக்குச் சொல்லித்தந்திருக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு இடத்திலும் முந்தாமல், பிந்தாமல் பாடினார். அக்கா எங்கெங்கே மூச்சு விடுவாள் என்று தங்கைக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.